எந்த ஜாவா ஓடுகிறது?

"ஜாவா எங்கே இன்ஸ்டால் ஆகியிருக்கு?" சர்வர் பார்க்கும் வேலையில் இந்தக் கேள்வி ஓயாமல் வரும். பதிலுக்கு நான் முதலில் கேட்பது, அதைப் போட்டது யார் என்பதுதான்.

விண்டோஸில் பழகியவர்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' போல ஒரே ஃபோல்டரைத் தேடுவார்கள். லினக்ஸில் ஒரு பேக்கேஜ் அப்படி ஓரிடத்தில் உட்காராது. கமாண்ட் /யூஎஸ்ஆர்/பின் பக்கம் போகும், லைப்ரரிகள் /யூஎஸ்ஆர்/லிப் பக்கம், அமைப்புக் கோப்புகள் /இடிசி-க்கு, மாறிக்கொண்டே இருக்கும் தரவு /வார்-க்கு. 1994 முதல் எழுதப்பட்டுவரும் கோப்பு அடுக்குத் தரநிலையில் வந்த பங்கீடு இது.

டெபியன் சர்வர் ஒன்றில் 'விச் ஜாவா' என்று தட்டினால் /யூஎஸ்ஆர்/பின்/ஜாவா என்று வரும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுடையது என்று டிபிகேஜி-யிடம் கேட்டுப் பாருங்கள், அப்படி எதுவும் தன் பதிவில் இல்லை என்றுதான் சொல்லும். காரணம், அது பேக்கேஜோடு வந்த கோப்பு அல்ல, ஆல்டர்நேட்டிவ்ஸ் அமைப்பு போட்ட சிம்லிங்க். அங்கிருந்து /இடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸ், அங்கிருந்து /யூஎஸ்ஆர்/லிப்/ஜேவிஎம் என்று இரண்டு தாவல். 'ரீட்லிங்க் -எஃப்' கொடுத்தால் கடைசி முகவரி ஒரே அடியில் கிடைக்கும். அந்த முகவரியைக் கொடுத்து 'டிபிகேஜி -எஸ்' கேட்டால் ஓப்பன்ஜேடிகே பேக்கேஜின் பெயர் வந்து நிற்கும். ஒரே மெஷினில் இரண்டு மூன்று ஜாவா இருக்கும்போது, எதை மேலே வைப்பது என்பதை முடிவு செய்வதே அந்த ஆல்டர்நேட்டிவ்ஸ்தான்.

'விச்' பார்ப்பது பாத் வரிசையை மட்டும். ஷெல்லில் யாராவது ஏலியஸ் வைத்திருந்தால் அதற்குத் தெரியாது. பாஷில் 'டைப் -ஏ' அதையும் சேர்த்துக் காட்டும். என் கை முதலில் போவது அதற்குத்தான். மொத்த டிஸ்கையும் துழாவும் 'ஃபைண்ட்' கடைசி வழி. பெயரைக் கண்டுபிடித்துத் தரும், எந்தப் பேக்கேஜுடையது என்று சொல்லாது.

பைத்தானில் சிக்கல் இன்னும் கூடுதல். பிப் ஒரு பைத்தானுக்கும், நீங்கள் ஓட்டுவது இன்னொரு பைத்தானுக்கும் சொந்தமாக இருக்கலாம். அதனால் எந்தப் பைத்தானில் நிரல் ஓடுகிறதோ அதன் வழியாகவே, '-எம் பிப் ஷோ' என்று கேட்பது நல்லது. 2023இல் வந்த டெபியன் 12, சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேராகக் கை வைப்பதைத் தடுத்துவிட்டது. பலர் சலித்துக்கொண்டார்கள், எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் பட்டது. ஏபிடி போட்ட கோப்பின் மேல் பிப் எழுதினால், பிறகு யார் பதிவை நம்புவது?

இதெல்லாம் டிஸ்கில் இருப்பதைச் சொல்லும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது எது என்பதற்கு /புராக்-கில் அந்தப் பிராசஸ் எண்ணின் கீழே உள்ள 'எக்ஸி' லிங்கைப் பார்க்க வேண்டும். அப்டேட் முடிந்த பிறகும் அங்கே 'டெலீட்டட்' என்று இருந்தால், பழைய நிரல் இன்னும் மெமரியில் ஓடுகிறது என்று பொருள். பாதுகாப்புத் திருத்தம் வந்து சேர்ந்திருக்கும், ஆனால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும்வரை அதனால் பயன் இல்லை.

எந்தப் பதிவிலும் சிக்காதவை, கையால் /ஆப்ட்-டிலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்-லிலும் போட்டவைதான். அப்படிப் போடுகிறவர்கள் பக்கத்திலேயே ஒரு சிறு டெக்ஸ்ட் கோப்பு வையுங்கள்: என்ன வெர்ஷன், எங்கிருந்து இறக்கியது, யார் போட்டது, எந்தத் தேதி. அடுத்து அந்த சர்வருக்கு வருபவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.