எள்ளுருண்டை மேல் போட்ட பழி

நான் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை. 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் பத்தாம் வகுப்பில் மாதவிடாய்ச் சுழற்சி வரும் இடத்தில் மட்டும், "இதை வீட்டுல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டுவேன். பையன்கள் இருக்கிறார்களே என்று காரணம் சொல்லிக்கொள்வேன். கூச்சம் எனக்குத்தான்.

எங்கள் பள்ளியில் நீல மாத்திரைக்குப் பொறுப்பும் நான்தான். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது, வாரம் ஒன்று. சத்துணவு முடிந்ததும் பிள்ளைகள் என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். நான் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சிலருக்குக் குமட்டியது. மலம் கறுப்பாகப் போகிறது என்று ஒரு தகப்பனார் வந்து சத்தம் போட்டார். இரும்பு மாத்திரைக்கு அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று பயந்தேன். அதிலிருந்து மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பள்ளிக்குப் பின்னால் வாய்க்காலில் நீலமாகக் கிடந்ததைப் பார்த்தேன். பதிவேட்டில் எல்லார் பெயருக்கும் நேரே 'உட்கொண்டார்' என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

பயம் மட்டும் இல்லை. மாத்திரை சூடு, போட்டால் உதிரப்போக்கு அதிகமாகும் என்று அம்மாக்கள் சொன்னபோது என் மனசும் ஆமாம் போட்டது. என் பாட்டி வளர்த்த உடம்பு இது. தூரமான நாளில் தயிர் ஆகாது. எள், பப்பாளி, அன்னாசி ஆகவே ஆகாது. வயசுக்கு வந்தவளுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தால் போதும். அந்த நல்லெண்ணெயே எள்ளை ஆட்டி எடுத்ததுதானே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. படிப்பு ஒரு பரணில் கிடந்தது, இது ஒரு பரணில் கிடந்தது.

என் வகுப்பில் ஒரு பெண். அவள் என்னிடம் முதலில் வந்தது நாப்கினுக்கு. புதுயுகம் திட்டப் பாக்கெட்டை அவளுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. இன்னொன்று கேட்டாள். "கணக்கு இடிக்கும்மா. வீட்டுல அக்காவுக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். முகம் சுருங்கித் திரும்பிப் போனாள். ஒருத்திக்கு ஏன் இத்தனை தேவைப்படுகிறது என்று நான் யோசிக்கவில்லை. ஏமாற்றுகிறாள் என்றுதான் யோசித்தேன்.

அடுத்து, பள்ளி விட்டு எல்லாரும் போகும்வரை நின்று வந்தாள். "டீச்சர், பத்து நாளாச்சு, நிக்க மாட்டேங்குது. கட்டி கட்டியா போகுது." கீழிமை வெளுத்திருந்தது. அப்போதே பார்த்தேன், மறைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன்: "உனக்கு உடம்பு சூடு. வெந்தயம் ஊறவச்சுக் குடி. பீட்ரூட் சாப்பிடு, ரத்தம் ஊறும். எள்ளைத் தொடாத."

"சரிங்க டீச்சர்" என்றாள். அறிவியல் டீச்சர் சொன்னால் எப்படி நம்பாமல் இருப்பாள்?

நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. வாய்க்காலில் கிடந்த ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இருந்தது.

ஒருநாள் காலை பிரேயரில் அவள் மயங்கி விழுந்தாள். அரசு மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 5.6. குறைந்தது 12 இருக்க வேண்டும். ரத்தம் ஏற்றினார்கள். மருத்துவர் அவளிடம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா. ஏழு நாள் தாண்டினாலே காட்ட வேண்டும் என்றார். வயசுக்கு வந்த முதல் சில வருடங்களில் கருமுட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளிவராமல் போக்கு மிகுவது உண்டாம். தைராய்டு, ரத்தம் உறைவதில் குறை, இவையும் காரணமாக இருக்கலாம், சோதித்துவிடுவோம் என்றார். அந்த மூன்று கேள்விக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. வகுப்பறை வாசலில் நின்று நானே கேட்டிருக்கலாம்.

அந்த வருடப் பொதுத்தேர்வில் அவளால் இரண்டு தாள் எழுத முடியவில்லை. துணைத்தேர்வில் எழுதினாள். கூலி வேலையை விட்டுவிட்டு அவள் அம்மா மருத்துவமனைக் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக் கிடந்தார்.

தீர்ப்புச் சொல்லுமுன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்க்கப் போயிருந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எள்ளு வேணாம்னு சொன்னீங்களாம் டீச்சர். நான் கேக்காம சந்தையில எள்ளுருண்டை வாங்கிக் குடுத்துட்டேன். எம்புள்ளய நானே கெடுத்துட்டேன்."

மருத்துவர் சொன்னதை அதற்குள் நான் கேட்டிருந்தேன். எள்ளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைம்மா என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பும்.

"இனிமே குடுக்காதீங்கம்மா" என்றேன்.

இப்போது மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைக்கிறேன். அந்தப் பாடத்தையும் நடத்துகிறேன், பையன்களையும் உட்கார வைத்து. இதெல்லாம் சுலபம். அவளுடைய தங்கை இந்த வருடம் என் வகுப்பில் இருக்கிறாள். அவளும் வயசுக்கு வந்ததிலிருந்து வீட்டில் எள் வாங்குவதே இல்லையாம், அம்மா விடுவதில்லையாம். உண்மையைச் சொல்ல அந்த வீட்டுப் பக்கம் போவதற்கு எனக்கு இன்னும் கால் வரவில்லை.