பெயர் பதிந்தால் போதுமா?

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகப் போகின்றன. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிவிட்டால், ஆறாம் ஆண்டு முடிந்து அது இடைநிலைப்பள்ளிக்குப் போகும்வரை அந்தப் பெயருக்குக் காவல் நாங்கள்தான். ஒரு வாரம் பிள்ளை வராவிட்டால் லயத்துக்கே போய்க் கதவைத் தட்டுவோம். "காய்ச்சல் சார்" என்று பாட்டி சொன்னால் சரி என்று திரும்பி வருவோம். பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும்.

இந்தப் பள்ளிக்கூடப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நான் யோசனை சொன்னேன். அந்த யோசனையால் அவள் படிப்பே போகப் பார்த்தது. பத்து ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் அந்தச் சங்கதியை இன்று எழுதிவிடுகிறேன். என்னைப் போல் யோசனை சொல்கிறவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பார்கள் அல்லவா?

அந்தப் பெண் என்னிடம் படித்தவள். தகப்பன் பால்மரம் வெட்டியவர். அவள் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போதே காலமாகிவிட்டார். பிறகு எங்கள் தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். தாயார் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்தார். அவள் அறிவியலில் பட்டம் வாங்கினாள். 2014ஆம் ஆண்டு செப்டம்பரில், ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டத்துக்கு, அதாவது நாம் 'மாஸ்டர்' என்று சொல்லும் படிப்புக்கு, இடம் கிடைத்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பிள்ளை அவள்தான்.

இடம் கிடைத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், எஸ்.பி.எம். சான்றிதழ், அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, எங்கள் தலைமையாசிரியரிடம் முத்திரை வாங்கிக் கொடுத்தேன். பாரங்களையும் நானே உட்கார்ந்து நிரப்பினேன். எனக்கு அதில் ஒரு பெருமை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு நின்றுவிட்டவன் நான்; என் மாணவி என்னைத் தாண்டிப் போகிறாள்!

இரண்டு பருவங்கள் நல்லபடியாக நடந்தன. பருவம் என்றால் செமஸ்டர். 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தாயார் காட்டுக் கால்வாயில் சறுக்கி விழுந்து கால் முறிந்துகொண்டார். மகள் ஓடி வந்தாள். ஆய்வுக்கூட வேலை முடிந்துவிட்டது. இனி வீட்டிலிருந்தே ஆய்வேட்டை எழுதலாம் என்றாள். செப்டம்பர் பிறந்தது. ஒருநாள் மாலை பள்ளிக்கு வந்து, "சார், புதுப் பருவத்துக்குப் பதியணுமாம். வகுப்பும் இல்ல, ஆய்வுக்கூடமும் இல்ல. எழுதுற வேல மட்டுந்தான் பாக்கி. கட்டணம் வேற கட்டணும். பதியத்தான் வேணுமா?" என்று கேட்டாள்.

நான் சற்றும் யோசிக்கவில்லை. "ஒருதடவதான் பேர் பதிஞ்சாச்சே! நீ எழுதி முடிச்சிட்டுப் போம்மா. அம்மாவ முதல்ல கவனி" என்றேன்.

எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தோட்டத்தில் வாத்தியார் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பை நாங்களும் கெடுத்துக்கொள்ள விரும்புவதில்லை.

நவம்பரில் கடிதம் வந்தது. எங்கள் லயங்களுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே மின்சார பில்களோடு பில்லாக இரண்டு வாரம் கிடந்து, பிறகுதான் கையில் கிடைத்தது. பல்கலைக்கழகம் மின்னஞ்சலில் முன்பே இரண்டுமுறை நினைவூட்டியிருந்ததாம். அப்போது எங்கள் லயத்தில் 'லைன்' கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் கைத்தொலைபேசியே பேசும். தாயைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்த பெண் எங்கே மேடு ஏறுவாள்?

கடிதத்தில் நாலே வரிகள். குறித்த தேதிக்குள் இந்தப் பருவத்துக்குப் பதியவில்லை, கட்டணமும் செலுத்தவில்லை, ஆகவே உங்கள் மாணவர் தகுதி முடிவுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் அழவில்லை. "நீங்க சொன்னீங்களே சார்" என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் அவளோடு புறப்பட்டேன். பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் ஒரு மலாய்க்கார அம்மையார் இருந்தார். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். தாயாரின் ஆஸ்பத்திரிக் கடிதத்தை அவள் நீட்டியபோது தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதை வைத்துக்கொண்டா சும்மா இருந்தீர்கள்? பருவத்தை ஒத்திவைக்க ஒரு பாரம் இருக்கிறதே. ஒரே ஒரு பக்கம். இந்தக் கடிதத்தையும் சேர்த்து, மேற்பார்வையாளர் கையெழுத்தோடு தேதிக்குள் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நீங்கள் ஒன்றுமே சொல்லாவிட்டால், படிப்பை விட்டுவிட்டீர்கள் என்றுதானே நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. எங்கள் பள்ளியில் பிள்ளை வராவிட்டால், ஏன் வரவில்லை என்று தேடிப் போகிறோம். அங்கே வராதவர், விட்டுப்போனவர். அதில் கொடுமை ஒன்றுமில்லை. பட்டதாரியைப் பல்கலைக்கழகம் வளர்ந்த ஆளாக நடத்துகிறது. நாம்தான் இன்னும் பிள்ளையாகவே இருக்கிறோம்.

அவளுடைய மேற்பார்வையாளர் நல்ல மனிதர். மேல்முறையீட்டுக் கடிதத்தோடு தம் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து அவளை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அபராதத்தோடு பருவக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. தீபாவளிக்கு விற்காமல் வைத்திருந்த இரண்டு ஆடுகளைத் தாயார் விற்றார். நான் பணம் கொடுக்கப் போனேன். "வேணாங்க வாத்தியாரையா, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன் பிறகுதான் இந்த விதிகளை நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். பெற்றோர்களும் அண்ணன் அக்காமார்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

இடம் கிடைப்பது வேறு, பதிவது வேறு. கடிதம் வந்ததும் ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் கொடுக்க வேண்டும். பிறகு குறித்த நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்டிக் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். இறுதியாண்டுப் பரீட்சை முடிவு வருவதற்கு முன்னே கிடைக்கும் இடம் பெரும்பாலும் நிபந்தனையோடு கூடியது. பட்டம் முடித்ததற்கான கடிதத்தைக் காட்டினால்தான் அது உறுதியாகும்.

முதுநிலைப் படிப்பு நம் நாட்டில் மூன்று வகையாக இருக்கிறது. வகுப்புக்குப் போய்ப் பாடம் படிப்பது, ஆய்வு மட்டும் செய்வது, இரண்டும் கலந்தது. பாடம் படிப்பவர் ஒவ்வொரு பருவமும் பாடங்களைப் பதிய வேண்டும். ஆய்வு செய்பவருக்குப் பாடம் இல்லாவிட்டாலும் பதிவு உண்டு. ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாலும் சரி, வீட்டிலேயே இருந்தாலும் சரி, படிப்பு முடியும்வரை பருவந்தோறும் பதிய வேண்டும். முன்னேற்ற அறிக்கையும் கொடுக்க வேண்டும். படிப்புக்கு மொத்தக் காலக்கெடுவும் உண்டு. அவளுடைய கடிதத்தில் குறைந்தது 2 பருவம், கூடியது 6 பருவம் என்று போட்டிருந்தது. இடத்துக்கு இடம் இது மாறும். வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகப் பதிந்தால் கூடுதல் காலம் கிடைக்கும். சில இடங்களில் முதலாளியின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள்.

நோய், பிரசவம், பணமுடை என்று இடைஞ்சல் வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. ஒத்திவைக்கப் பாரம் கேட்க வேண்டும். ஒத்திவைத்த பருவம் மொத்தக் காலக்கெடுவில் சேருமா சேராதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காரணத்தைப் பொறுத்து அது வேறுபடும்.

சேருவதற்கு முன்னும் ஒரு வேலை இருக்கிறது. முதுநிலைக்குப் பொதுவாக 4.00க்கு 2.50 புள்ளியாவது இளநிலைப் பட்டத்தில் இருக்க வேண்டும்; இன்னும் கூடுதலாகக் கேட்கும் இடங்களும் உண்டு. பட்டம் இல்லாதவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. முப்பது வயதைக் கடந்து, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா வைத்திருந்து, அந்தத் துறையில் வேலை அனுபவமும் உள்ளவர்கள், 'அப்பெல்' எனப்படும் மதிப்பீட்டில் தேறி முதுநிலைக்கு மனுச் செய்யலாம். பட்டணத்தில் துண்டுத்தாள் கொடுத்து ஆள் பிடிக்கும் தனியார் நிலையங்களை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2007இல் அமைந்த மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது. கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடலாம், காசு கேட்க மாட்டார்கள்.

அந்தப் பெண் 2017இல் முதுநிலைப் பட்டம் வாங்கினாள். இப்போது இடைநிலைப்பள்ளி ஒன்றில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறாள். பட்டம் வாங்கிய மறு ஆண்டு எங்கள் பள்ளிக்கு வந்திருந்தாள். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பெருமையோடு எடுத்துக் காட்டினேன். நம் தோட்டத்துப் பிள்ளைகள் யார் யார் எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், யாருக்கு எப்போது பதிவு நாள் என்றெல்லாம் நானே அழகாக எழுதி வைத்திருந்தேன். தேதி நெருங்கினால் நானே போன் செய்து நினைவூட்டுவேன் என்றேன்.

அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா நீங்களே எழுதினா, கடைசிவரைக்கும் நீங்கதான் ஞாபகப்படுத்தணும். அன்னிக்கு என் பாரத்தையும் நீங்கதானே நிரப்பினீங்க? அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் படிச்சே பார்க்கல சார்."

எனக்கு நாக்கு எழவில்லை. தாத்தா காலத்தில் கிராணி எழுதினார். தாத்தா கைநாட்டு வைத்தார். அப்பா காலத்தில் வாத்தியார் எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். பட்டம் வாங்கிய பேத்திக்கும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் சொன்ன தப்பு யோசனையைவிட அதுவே பெரிய தப்பு என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

இப்போதும் அந்த நோட்டுப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது. ஆனால் அதில் என் கையெழுத்து இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை விதிப்புத்தகத்தைத் தானே படித்து, பதிவு நாள், கட்டண நாள், ஒத்திவைக்கக் கடைசி நாள், அலுவலகத்துத் தொலைபேசி எண் எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுத வேண்டும். புரியாத இடத்தை அலுவலகத்தில் கேட்டு வரச் சொல்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழகிக்கொண்டேன்.

போன மாதம் ஓர் அம்மா பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "வாத்தியாரையா, எம் மகன் மாஸ்டருக்குப் பேர் பதிஞ்சிட்டான்!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். "அடுத்த பருவத்துக்கு எப்பப் பதியணும்னு அவனையே கேட்டு வையுங்க."