கூறு மீன்

மீன்குஞ்சு விடும் விழாப் படம் ஒன்று செய்தித்தாளில் வந்திருந்தது. கரைவேட்டிக்காரர்கள் அலுமினியக் குண்டானைக் கவிழ்க்கிறார்கள். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் ஏரிக்குள் போகின்றன. அந்த ஏரியில் ஏற்கெனவே என்ன மீன் இருந்தது என்று ஒரு வரி கிடையாது. காட்டுமன்னார்கோயில் நண்பரிடம் புலம்பினேன். "வீராணத்துக்கு வாங்க, வலை எடுக்கிறவங்ககிட்டயே கேட்டுடலாம்" என்றார்.

வீராணம் என்றதும் நாவலில் வரும் வந்தியத்தேவனின் குதிரையைத் தேடுகிறவர்கள் உண்டு. நான் போனது கெண்டையைத் தேடி. பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வெட்டுவித்த ஏரி இது. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் திரும்பி வடவாறு வழியாக வந்து சேர்கிறது. முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி., முழு மட்டம் 47.50 அடி. பாசனத்தோடு, 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும் இது கைகொடுக்கிறது. அதனால் மட்டம் ஓர் அடி இறங்கினாலும் பேப்பரில் வந்துவிடும்.

வலை போடுவது சாயங்காலம், எடுப்பது விடியலில். தண்ணீருக்குள் நடந்ததைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. விஷயமே வலை கரையேறிய பிறகுதான்.

செவுள்வலையை விரித்துப்போட்டு ஓர் அக்கா மீன் கழற்றிக்கொண்டிருந்தார். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்தக் கரைதான். செவுளில் இறுகிய வலை நரம்பை நகத்தால் நெம்பிவிட்டு மீனை உருவுகிறார். பேச்சு நிற்பதில்லை, கையும் நிற்பதில்லை. கெளுத்தி வந்தால் மட்டும் பேச்சு நிற்கும். "முள்ளு ஏறிச்சுன்னா அன்னிக்குப் பொழப்பு போச்சு தம்பி."

கழற்றும்போதே பிரித்துவிடுகிறார். கட்லாவும் ரோகுவும் ஒரு பெட்டி, ஜிலேபிக்கெண்டை ஒரு பெட்டி. விரால் உயிரோடு விலைபோகும் என்பதால் தண்ணீர் டிரம்மில். மிச்சமெல்லாம் தார்ப்பாயில். நான் உட்கார்ந்தது அந்த மிச்சத்தின் முன்னால். பொட்டுக்கெண்டை, குரவை, ஆரல், உளுவை, பனையேறிக்கெண்டை என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். பெட்டி இரண்டிலும் சேர்த்து மூன்றே வகை. தார்ப்பாயில் அதைவிட அதிகம். ஆனால் குத்தகைக்காரரின் தராசுக்குப் போவது பெட்டிதான். தார்ப்பாயில் கிடப்பதைக் கூறு போட்டுத் தெருவில் விற்பார்.

"வாளை?" என்று கேட்டேன்.

"எங்க மாமனாரு தோள்ல போட்டுக்கிட்டு வந்தா வாலு தரையில இடிக்கும்பாங்க. இப்பல்லாம் வெள்ளத்துல வழிதவறி ஒண்ணு வந்தா உண்டு."

விராலைப் பற்றி அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் மற்ற மீனெல்லாம் மறந்துபோகும். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரு கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தச் சிவப்பைக் கண்டதும் தூண்டிலையோ வீச்சுவலையையோ போட்டால் காவல் மீன் தப்பாமல் மாட்டும். அப்புறம் குஞ்சுக் கூட்டத்தைக் கண்ட மீனெல்லாம் தின்னும். "எங்க வூட்டுக்காரரு குஞ்சு மேய்க்கிற விராலத் தொட மாட்டாரு. அவரு வுட்டத மத்தவன் புடிப்பான், அது வேற." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஏரி மீனின் குறைவைக் கிலோவில் பார்த்தால் தெரியாது என்பது அந்தத் தார்ப்பாயின் முன்னால்தான் எனக்கு விளங்கியது. கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி ஆற்று மீன்கள், தேங்கிய நீரில் முட்டையிடாதவை. 1957இல் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தியக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்துக் காட்டினார். அதன் பிறகு பண்ணையில் குஞ்சு பொரித்து எந்த ஏரியிலும் விடலாம் என்றானது. ஜிலேபி 1952இல் இந்தியாவுக்கு வந்தது. எங்கே விட்டாலும் பெருகும். எனவே டன் கணக்கு ஏறலாம், ஏறிக்கொண்டே வகை குறையலாம். உள்ளூர்க் கெண்டைக்கும் குரவைக்கும் ஊசி போடுவது அரிது. நாட்டு மீன்களில் பலவும் புதுத்தண்ணீர் வரும்போது வாய்க்காலிலும் வயலிலும் எதிரேறி முட்டையிடுகிறவை. வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசி, வயலுக்குப் பூச்சிமருந்தும் அடித்தால் அவை எங்கே போகும்?

இனி குத்தகை. தமிழ்நாட்டில் ஏரி மீனை ஏலம் எடுக்கிறவருக்குக் காலம் குறுகியது. போட்ட பணம் அதற்குள் திரும்ப வேண்டும். சீக்கிரம் எடை வைக்கும் குஞ்சை விடுவார், கடைசி மாதங்களில் வலைக்கண்ணைச் சிறிதாக்கித் துடைத்தெடுப்பார். வலை இழுக்கிறவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி; முன்பணம் வாங்கியிருந்தால் அதிலும் பிடித்தம். குஞ்சு விட்டது தன் காசு என்கிறார் குத்தகைக்காரர், சரி. பொட்டுக்கெண்டையை யார் விட்டார்கள்? ஏரியே பெற்று வளர்த்த மீனுக்கும் அவரே சொந்தக்காரர் என்பது எந்த ஊர் நியாயம்? அக்கா கூறு போட்டு விற்பதுகூட உரிமையால் அல்ல, தராசுக்காரர் கண்டுகொள்ளாததால். நாளைக்கே அந்தப் பொடிமீனுக்குக் கோழித்தீவன ஆலையில் விலை கிடைத்தால் தார்ப்பாயும் தராசுக்குப் போய்விடும்.

பிடித்த மீனை எழுதும் ஏட்டில் கட்லா, ரோகு, மிர்காலுக்குத் தனித்தனிக் கட்டம்; ஆரலும் உளுவையும் 'இதர'வில் அடங்கிவிடுகின்றன.

மீன்வளத்துறைக்கும் ஏலம் விடுகிறவர்களுக்கும் கேட்பது இவ்வளவுதான்: குத்தகைப் பத்திரத்தில் மூன்று வரி சேருங்கள். புதுத்தண்ணீர் வரும் முதல் மாதம் வாய்க்கால் வாயில் வலை கூடாது. இத்தனை விரலுக்குக் குறைந்த கண்ணுள்ள வலை ஏரியில் இறங்கக் கூடாது. நாட்டு மீனைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். எழுதத் தெரியாதென்றால் கரையில் மீன் கழற்றுகிற பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.