கப்பலேறப் போகும் வாலிபர்

எர்ணாவூர்க் கடற்கரையில் நின்றால் தூரத்தில் கப்பல்களைக் காணலாம். அவற்றைப் பார்த்துப் பார்த்தே நம் தெரு வாலிபர்களுக்குக் கடல் மோகம் பிறக்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை, சீமான்களின் 'யாட்' என்னும் உல்லாசப் படகில் சிப்பந்தியாகப் போகிறேன் என்றான். கோடையில் மத்தியதரைக் கடல், குளிர்காலத்தில் கரீபியன் தீவுகள்! கேட்கவே இனித்தது. ஆனால் தரகர் இரண்டு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அதற்காகத் தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகவிருப்பதாகவும் அறிந்தபோது நமக்குத் திக்கென்றது.

2006-ஆம் வருஷத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. வேலை தேடித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கலாகாது என்பது அதன் விதி. வைத்தியச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனைச் சாரும். விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது.

கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிடும் லைசென்ஸ் பட்டியலில் அந்தத் தரகரின் பெயரைத் தேடினோம், அகப்படவில்லை. பிள்ளை இப்போது நெருப்பணைத்தல், நீரில் உயிர் காத்தல், முதலுதவி முதலிய அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். யாட்டில் முதல் உத்தியோகம் தளத்தைக் கழுவுவதும் பித்தளையைத் துலக்குவதுந்தான். இருந்தாலும் கௌரவமான ஜீவனம்.

மகனைக் கடலுக்கு அனுப்பும் பெற்றோர், அவனுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்பதோடு தரகரின் லைசென்ஸையும் கேட்பார்களாக!