சிப்பி சுட்ட சுண்ணாம்பு

தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் வான்தீவு, 1986-ல் ஏறக்குறைய 16 ஹெக்டேர் பரப்பாக இருந்தது, 2014-க்குள் 3 ஹெக்டேருக்கும் குறைவாகத் தேய்ந்துபோயிற்று என்றும், எஞ்சியதைக் காக்கச் சிமெண்டில் வார்த்த செயற்கைப் பாறைகளை அதைச் சுற்றிக் கடலில் இறக்கினார்கள் என்றும் பத்திரிகையில் படித்தபோது என் மனம் மிகவும் சஞ்சலப்பட்டது. ஏனெனில், அலையின் வேகத்தைத் தணித்து இத்தகைய தீவுகளுக்கு அரணாக நின்ற பவளப்பாறைகளைப் பெயர்த்துத் தோணியில் ஏற்றிவந்து, சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்குமாகப் பல்லாண்டு காலம் விற்றவர்கள் நாமே. அவற்றுள் ஒன்றான விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் அமிழ்ந்தேவிட்டது. பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001-ல்தான்.

பவளத்தைத் தொடாமல் சிப்பியைச் சுட்டே ஜீவனம் நடத்துவோர் இன்னும் இருக்கிறார்கள் என்று சொல்லி, உப்பு வியாபாரியான சிநேகிதர் ஒருவர் உப்பளங்களைத் தாண்டி ஒரு சூளைக்கு என்னை அழைத்துச் சென்றார். கரையில் ஒதுங்கிய வெறுஞ்சிப்பிகளை அலசி உலர்த்தி, கரியோடு அடுக்கடுக்காகப் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி எரிக்கிறார்கள். சுமார் 900 பாகை வெப்பத்தில் கரியமிலவாயு நீங்க, உருமாறாத வெள்ளைச் சிப்பியாகச் சுண்ணாம்பு எஞ்சுகிறது. சிமெண்டோ, சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 பாகையில் சுட்டு, பின்பு ஜிப்சம் சேர்த்து அரைப்பது. ஆயினும் 1904-ல் சென்னை வண்ணாரப்பேட்டையில் இந்தியாவின் முதல் சிமெண்டைச் செய்தபோது அதற்கும் கடற்சிப்பியே மூலப்பொருளாக இருந்தது.

சூளையில் சுண்ணாம்பை நீற்றுகிறவர், எழுபதை நெருங்கும் ஓர் ஆச்சி. உள்ளங்கை முதல் முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, சுட்ட சிப்பிக் குவியலின்மேல் அவர் தண்ணீர் தெளித்த மாத்திரத்தில், அது சீறி ஆவி கக்கி, வெடித்து, மாவாக உதிர்ந்தது. "தண்ணி கூடுனா குழம்பாயிரும்யா, குறைஞ்சா கல்லு நிக்கும். சத்தத்தைக் கேட்டுத்தான் ஊத்தணும்" என்றார். எண்ணெயையும் மீறிச் சுண்ணாம்பு அரித்த தழும்புகள் அவர் விரலிடுக்குகளில் வெளுத்துக் கிடந்தன. அவருடைய கணவர் கடப்பாரையோடு தீவுக்குப் போய்ப் பாறை உடைத்தவர். பவளம் எடுக்கத் தடை வந்தபின் சிலகாலம் வேலையின்றி இருந்து, பிறகு மனைவியோடு இந்தச் சூளையில் சேர்ந்து, சில ஆண்டுகளில் காலமானார். "கல்லு எடுத்த காலத்துல கூலி கூடத்தான். ஆனா அவுக கும்பிட்டுப் போன தீவே இப்ப இல்லையேய்யா" என்று ஆச்சி சொன்னபோது அவர் குரலில் விரோதம் இல்லை, விசனமே இருந்தது.

தூத்துக்குடியில் 1974-ல் திறந்த புதிய துறைமுகத்தைப் போன்ற பெரும்பணிகளுக்குச் சிமெண்டு இன்றியமையாதது என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இக்கரையின் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு பருத்து மேற்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. கடுக்காய்ச் சாறும் உடன்குடிக் கருப்பட்டியும் கலந்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சோ, ஈரத்தை உள்ளே அடைத்துவைக்காமல் வெளிவிடுவதால் பழஞ்சுவர்களுக்கு உகந்தது. காற்றிலிருந்து கரியமிலவாயுவை மீண்டும் ஏற்று, நாளாக நாளாகக் கல்லாக இறுகுவதும் அதன் இயல்பு.

இத்தகைய பொருளைச் செய்பவர்களுக்குக் கிடைப்பது என்ன? மழைக்காலத்தில் முன்பணம் கொடுக்கும் தரகர், அந்தக் கடனைக் காட்டியே கோடையில் விலையைத் தாமே நிர்ணயிக்கிறார். எடை அவருடையது, கணக்கும் அவருடையது. கை வெந்தவள் கடனாளியாகவும், கை நோகாதவர் தனவந்தராகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டை வியாபாரம் என்று சொல்ல என் மனச்சாட்சி இடம்தரவில்லை. சூளைக்காரர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கமும், மழைக்காலத்துக்கு நியாயமான கடனும் கிடைத்தால் தரகரின் பிடி தானே தளரும். பழைய வீட்டையோ கோயிலையோ மாதாகோயிலையோ செப்பனிட நினைக்கும் அன்பர்கள், சிமெண்டு மூட்டை வாங்குமுன் ஒருமுறை சூளைக்கு நேரே சென்று சிப்பிச் சுண்ணாம்பை உரிய விலை கொடுத்து வாங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.