எட்டுச் சக்கரம், நாலு நடை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் நண்பர்களிடம் இந்தக் கதையை நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன். கனடாவில், இடுப்பளவு பனியில், தரையிலும் தண்ணீரிலும் போகிற எட்டுச் சக்கர வண்டியை ஓட்டிய கதை. "கிள்ளான்காரனுக்கு எதுக்குடா பனி?" என்று ஒருவன் கேட்பான். எல்லோரும் சிரிப்போம். ரசம் வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அதுவரை நான் பார்த்த ஒரே பனி ஷா ஆலம் ஐ-சிட்டியில் இருக்கும் செயற்கைப் பனிக்கூடம். டிக்கெட் வாங்கி, கோட் மாட்டி, மைனஸ் 5 டிகிரியில் பிள்ளைகளோடு சறுக்கிவிட்டு வெளியே வந்தால், 32 டிகிரி வெயில் முகத்தில் அறையும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தாமான் ஸ்ரீ மூடா. அந்தப் பக்கம் பிறகு வருகிறேன்.

சின்னம்மா மகன் ஒன்டாரியோவில் இருக்கிறான். விவசாய இயந்திரங்கள் பழுதுபார்க்கும் வேலை. 2025 பிப்ரவரியில் அவனைப் பார்க்கப் போனேன். அந்த மாத நடுவில் டொரோண்டோ பக்கம் நாலைந்து நாள் இடைவெளியில் இரண்டு பெரிய பனிப்புயல். கார்கள் வெள்ளை மேடுகளாகிக் கிடந்தன. இரண்டாவது புயல் ஓய்ந்து சாலை திறந்ததும் தம்பி என்னை வடக்கே, ஹன்ட்ஸ்வில் தாண்டி, அவன் நண்பரின் காட்டு நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். "வாங்கண்ணே, ஒரு சாமான் காட்டறேன்."

கொட்டகையில் நின்றது ஆர்கோ. ஒன்டாரியோவிலேயே, நியூ ஹாம்பர்க் என்கிற சின்ன ஊரில், 1967இலிருந்து இந்த வகை வண்டிகளைச் செய்கிறார்கள். பார்ப்பதற்கு அழகு ஒன்றும் இல்லை. மீன் கடையில் ஐஸ் போட்டு வைக்கும் பெட்டிக்குப் பக்கத்துக்கு நாலாக எட்டு குண்டுச் சக்கரம் மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. உடல் முழுக்கக் கெட்டி பிளாஸ்டிக் தொட்டி. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போனது. கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிப்போம். இதில் இரண்டு, மூன்றுதான். பனிக்காலத்தில் சக்கரங்களைச் சுற்றி, புல்டோசரில் இருப்பதுபோல, ரப்பர் பட்டை மாட்டிவிடுகிறார்கள். வண்டியின் பாரம் அந்தப் பட்டை முழுக்கப் பரவிவிடுவதால், அரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி பனியை அழுத்துவது ஒரு மனுஷன் கால் வைத்து அழுத்துவதைவிடக் குறைவு. நான் இறங்கி நின்றால் இடுப்பு வரை புதைகிறேன். வண்டி அரையடிதான் இறங்குகிறது.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். கடற்கரைப் பக்கத்துக் கரிமண்ணில் டிராக்டரைவிட்டால் அச்சு வரைக்கும் போய்விடும். அதற்காகவே தோட்டங்களில் அகலச் சக்கரம் போட்ட சின்ன வண்டிகளும் பட்டை மாட்டிய வண்டிகளும் வந்தன. ஒரு வகைக்கு 'இயந்திர எருமை' என்றே பெயர். கரிமண்ணும் பனியும் ஒன்றுதான். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஆனால் கொட்டகையில் அந்தத் தொட்டியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அப்பா இல்லை. 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை.

அந்த மழையை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பிடித்த மழை. கோலாலம்பூரில் ஒரு மாதத்துக்கு மேல் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தது என்று பிறகு அரசாங்கமே சொன்னது. கிள்ளான் ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது ஸ்ரீ மூடா. சின்னம்மா வீடு அங்கே, மாடி இல்லாத வீடு. இரவு ஒன்பது மணிக்கு, "பக்கத்து வீட்டு மாடிக்கு வந்துட்டேன்டா, போன்ல சார்ஜ் இல்ல" என்றார். அதோடு சரி.

எனக்கு வயரிங் வேலை. சாமான் ஏற்ற ஒரு பழைய போர் வீல் பிக்-அப் வைத்திருந்தேன், கூரையில் இரண்டு மஞ்சள் விளக்கோடு. தெரு தெருவாகப் படகு, கயாக், ஜெட் ஸ்கீ, மீன் பெட்டி என்று கிடைத்ததைக் கட்டிக்கொண்டு முகம் தெரியாத ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்த இரவு அது. நானும் கிளம்பினேன். நள்ளிரவுக்கு மேல் சின்னம்மா வீட்டுத் தெருவுக்கு இரண்டு சந்திப்பு முன்னால்வரை போய்விட்டேன். தண்ணீர் விளக்கின் கீழ் விளிம்பைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் போனதும் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது.

அந்த லேசு எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரும்பாலான கார்களைத் தூக்கிவிடும். பிக்-அப்பில் பின்பக்கம் காலி, எடையெல்லாம் முன்னால் எஞ்சினில். அதனால் வால்தான் முதலில் மிதக்கும். என் வால் மிதந்து இடது பக்கம் திரும்பியது. முங்கிக் கிடந்த ஒரு காரின் கூரையில் 'டம்' என்று இடித்து நின்றது. யாரோ இருட்டிலிருந்து, "அண்ணே, போகாதீங்க!" என்று கத்தினார்கள். சக்கரத்துக்குக் கீழே சாலை நடுக் கட்டை தட்டுப்பட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குக் கனடாவிலிருந்து தம்பி கூப்பிட்டான். அங்கே சனிக்கிழமை மதியம் ஒரு மணி. "போய்ட்டீங்களாண்ணே?"

"போலீஸ் தடுத்துட்டாங்கடா. உள்ள விடல."

அப்படி யாரும் தடுக்கவில்லை. அந்தச் சந்திப்பில் போலீஸே இல்லை. சின்னம்மா திங்கட்கிழமைதான் யாருடைய படகிலோ வெளியே வந்தார்.

தம்பியோடு கொட்டகையில் நின்றபோது, இந்தத் தொட்டி அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் என்று தோன்றியதைக் கேட்டும்விட்டேன். "இது ஸ்ரீ மூடால போயிருக்குமாடா?" அவன் சிரிக்கவில்லை. யோசித்தான். "தண்ணி நின்னப்புறம் போயிருக்கும். ஓடுற தண்ணில கஷ்டம். இதுக்குத் துடுப்பு கிடையாது. டயர் பட்டன்தான் தண்ணியத் தள்ளுது. மணிக்கு நாலஞ்சு கிலோமீட்டர். சனிக்கிழமை ராத்திரி இருந்த வேகத்துக்கு இழுத்துட்டுப் போயிருக்கும்ணே." அவனும் இந்தக் கணக்கை முன்பே போட்டிருக்கிறான் என்று அப்போது எனக்குப் படவில்லை. இந்தியாவில் இப்போது இதைவிடப் பெரிய வண்டிகள் இருக்கின்றன. ஆள் உயரச் சக்கரம் வைத்த ஆட்டோர் என்ற வண்டியை ராணுவம் வாங்கி, 2024 குஜராத் வெள்ளத்தில் இறக்கியது. அந்தப் படங்களை நான் ராத்திரியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டுவதற்கு முன் தம்பி குனிந்து அடியில் கைவிட்டு ஒரு அடைப்பானைத் திருகிப் பார்த்தான். தொட்டிக்குள் சேரும் தண்ணீரை வடிக்கிற ஓட்டை அது. மூட மறந்தால் படகு முங்கும். மூடிவைத்தே நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் இரவில் உறைந்து, காலையில் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தும்போதும் தரையில் விடமாட்டார்கள், பலகை மேல் ஏற்றிவைப்பார்கள். இல்லையென்றால் பட்டை தரையோடு உறைந்துவிடும்.

மைனஸ் 18. தமிழில் எல்லாவற்றுக்கும் 'பனி' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று எனக்கு அங்கே குழப்பமாக இருந்தது. மார்கழிக் காலையில் புல்லில் இருப்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, ஏரி மேல் கல்லாகக் கிடப்பதும் பனி. வண்டி ஓட்டுகிறவனுக்கு மூன்றும் வேறு வேறு. தம்பி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஸ்டியரிங் என்று தனியாக எதுவும் இல்லை. சைக்கிள் பிடிபோல ஒன்று. இடது பக்கம் திருப்பினால் இடது பக்க நாலு சக்கரத்துக்கும் பிரேக் விழும், வலது பக்கம் ஓடும், வண்டி திரும்பும். தார்ச்சாலையில் இது விளையாட்டு. ஆழமான பனியில், நிற்கிற பக்கம் பள்ளம் தோண்டிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஊரைச் சுற்றி வருகிற மாதிரி அகலமாகத் திரும்ப வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது. முறுக்கவும் கூடாது. முதல் நாள் யாராவது ஓட்டிய தடம் கிடைத்தால் அதைவிடக் கூடாது. நசுங்கிய பனி ஓரிரவில் இறுகிச் சாலையாகிவிடுகிறது. புதுப் பனியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு படகு மாதிரிதான் போகும். எஞ்சின் சத்தம் தவிர, சக்கரச் சத்தமே இல்லை. கால் மணி நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைத்தான் பிரிக்பீல்ட்ஸில் சொல்லுவேன்.

காட்டைத் தாண்டி ஒரு சின்ன ஏரி. ஐஸில் துளை போட்டு அளந்திருந்தார்கள், முழங்கையளவு தடிப்பு. பயமில்லை. கரையிலிருந்து இருபதடி போயிருப்போம். முன்னால் வெள்ளைக்கு நடுவில் சாம்பல் நிறமாக ஒரு திட்டு. மேலே விழுந்த பனியின் பாரத்தில் ஐஸ் அமுங்கி, வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே வந்து நிற்கும். மேலே இருக்கிற பனி போர்வை மாதிரி மூடியிருப்பதால் அது உறைவதில்லை. சொதசொத என்று இருக்கும். நிற்காமல் ஒரே சீராகப் போய்விட வேண்டும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான்.

திட்டில் ஏறியதும் வண்டி லேசானது. அதே லேசு.

நான் பிடியை முழுக்க ஒடித்துக் கரைப்பக்கம் திருப்பிவிட்டேன். வண்டி அரைவட்டம் அடித்துக் கரையோரக் குவியலில் ஏறி, வயிறு தட்டி, உட்கார்ந்துவிட்டது. பட்டை சுற்றியது, வண்டி நகரவில்லை. "முறுக்காதீங்க, ஐஸாயிடும்!" என்று தம்பி கையை அமர்த்தினான். எஞ்சின் நின்றதும் அப்படி ஒரு அமைதி.

"ஏண்ணே திரும்புனீங்க? அதுக்குத்தானே இந்த வண்டி மிதக்குது?"

மண்வெட்டி ஒன்றுதான். மாற்றி மாற்றி வயிற்றுக்கடியில் இருக்கிற பனியைத் தோண்டினோம். நான் ஊசியிலை மரத்துக் கிளைகளை ஒடித்துவந்து பட்டைக்கு முன்னால் திணித்தேன். அப்பா டிராக்டருக்கு அடியில் செம்பனை மட்டையைத் திணிப்பார். "பெரியப்பா மாதிரியே செய்றீங்க," என்றான். கண்ணிமையில் ஐஸ் கட்டியிருந்தது அவனுக்கு. நான் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்குப் போலீஸ் தடுக்கலடா. நான்தான் திரும்பிட்டேன்."

அவன் கிளையை மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தான். "தெரியும்ணே."

"எப்படி?"

"அம்மா மாடியில இருந்து பாத்திருக்காங்க. மஞ்சள் லைட்டு ரெண்டு. கூரையில மஞ்சள் லைட்டு உங்க வண்டிலதானே இருக்கு. வளைவுல வந்துச்சாம், ஆடுச்சாம், திரும்பிடுச்சாம்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. 'அண்ணன் வந்துட்டுப் போனான்'னு மட்டும் சொன்னாங்க."

மூன்று வருஷமாக அந்த அம்மா என் வீட்டுக்கு வருகிறார், தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவருகிறார், என் பிக்-அப்பிலேயே ஏறிக் கோயிலுக்குப் போகிறார். வண்டி பழைய தடத்தில் பின்னால் நகர்ந்து வெளியே வர ஒரு மணி நேரம் பிடித்தது. தம்பி பிடியை என்னிடமே கொடுத்தான். திட்டைத் தாண்டி ஏரியின் மறுகரைக்குப் போய்த்தான் திரும்பினோம்.

கிள்ளானுக்கு வந்த வாரம் சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். ஸ்ரீ மூடா வீட்டை விட்டுவிட்டு இப்போது மேட்டில் ஒரு வாடகை வீடு, மூன்றாவது மாடி. பசியாறச் சொன்னார். தோசை சுட்டுக்கொண்டே தம்பி எடுத்த வீடியோவைப் பார்த்தார். வண்டி சாம்பல் திட்டில் இறங்கித் தண்ணீர் தெறிக்கிற இடம் வந்ததும், அடுப்பைக் குறைத்துவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இது தண்ணியிலும் போகுமாடா?"

"போகும் சின்னம்மா. மெதுவா."

"எத்தன பேரு ஏறலாம்?"

"தரையில ஆறு பேரு. தண்ணில நாலு."

அவர் உதட்டுக்குள் எண்ணினார். "அன்னிக்கு மாடியில நாங்க பதினோரு பேரு. மூணு நடை."

"நாலு, சின்னம்மா," என்றேன். "ஓட்டுறவன் ஒருத்தன் இருப்பான்ல."

"ஆமா," என்று சொல்லிவிட்டு தோசையைத் திருப்பிப் போட்டார். "நாலு நடை."