கிலோவில் போய் பீஸில் திரும்பும் கணக்கு

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நூல் வாங்கியதும் நிட்டிங்குக்கு ஓரிடம், சாயத்துக்கு இன்னோரிடம், அப்புறம் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காஜா பட்டன் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் அது அட்டைப்பெட்டிக்குள் போகிறது. சரக்கு வெளியேறும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு டிசி, அதாவது டெலிவரி சலான், கிழிக்கப்படும். பத்து மெஷினோடு தொழில் தொடங்கியவர் எந்தச் சரக்கு எங்கே கிடக்கிறது என்பதை மனதிலேயே வைத்திருப்பார். மெஷின் இருநூறைத் தாண்டும்போது மனக்கணக்கு கைவிட்டுவிடும். தங்கள் நிறுவனத்துக்கென்றே மென்பொருள் எழுதித் தருகிறவர்களை முதலாளிகள் தேடத் தொடங்குவது அப்போதுதான்.

அப்படி எழுதித் தரும் ஒரு சிறிய குழுவோடு, ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் துணி குடோனுக்குப் போயிருந்தேன். குழுவின் மூத்த நிரலாளர் முதலாளி அறையில் காபி குடித்த கையோடு எடைமேடைக்கு வந்துவிட்டார். சாயப்பட்டறையிலிருந்து லோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ரோலின் மேலும் லாட் எண், டயா, ஜிஎஸ்எம், நிறம் ஆகியவை மார்க்கரில் எழுதப்பட்டிருந்தன. ரோல்களை எடை போட்டு முடித்ததும் நிரலாளர் குடோன் பொறுப்பாளரிடம் கேட்டார்.

“ஏனுங்க, டிசியில 412 கிலோன்னு இருக்குது. நம்ம தராசுல 405தான் வருது. நீங்க எதைய எழுதுவீங்க?”

“ரெண்டையுந்தானுங்க. அவுங்க சொன்னது ஒண்ணு, நம்ம தராசு சொன்னது ஒண்ணு. நாளைக்கு பில்லு வர்றப்ப பேசோணுமல்லங்க.”

ஏற்கெனவே அங்கிருந்த மென்பொருளில் எடைக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதனால் பொறுப்பாளர் இரண்டாவது எடையைப் பழைய டைரி ஒன்றில் பென்சிலால் குறித்துவந்தார். நிரலாளர் அந்த டைரியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படம் எடுத்துக்கொண்டார். எந்தப் பட்டறையின் எடை எப்போதும் குறைகிறது, எந்த லாட் நிறம் சரியில்லாமல் மறுசாயத்துக்குத் திரும்பியது, எந்த ரோலில் ஓட்டை இருந்தது, எல்லாம் அதில் இருந்தன. புதிய மென்பொருளின் திரைகளில் பாதி அந்த டைரியிலிருந்து பிறந்தவை. கணினி வேலை என்றால் குளிர்பதன அறையும் திரையும்தான் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காலைப் பொழுதைப் பார்க்க வேண்டும்.

இப்போது எடைமேடையிலிருந்து ஒரு கம்பி நேராகக் கணினிக்குப் போகிறது. எடையைக் கையால் தட்ட வேண்டியதில்லை. ரோலுக்குள் இருக்கும் குழாயின் எடையைக் கழிக்க மட்டும் ஒரு பொத்தான்.

பெரிய சிக்கல் கட்டிங் மேசையில் காத்திருக்கிறது. அதுவரை எல்லாம் கிலோ. கத்தி இறங்கிய பிறகு எல்லாம் பீஸ். ஒரு பீஸுக்கு 180 கிராம் துணி என்று மெர்ச்சண்டைசர் கணக்குப் போட்டு விலை சொல்லியிருப்பார். வெட்டும்போது அது 190 ஆனால், பத்தாயிரம் பீஸில் 100 கிலோ துணி கூடுதலாகப் போய்விடும். கப்பல் ஏறிய பிறகு அது தெரிந்து பயனில்லை. முதல் லே, அதாவது மேசையில் விரித்த துணி அடுக்கு, வெட்டி முடித்ததுமே கட்டிங் மாஸ்டரின் திரை சிவக்க வேண்டும். இந்தக் குழு மாதக்கணக்கில் உழைத்தது இந்த ஒரு திரைக்காகத்தான்.

மென்பொருள் கவனிக்க வேண்டியவற்றில் சட்டமும் ஒன்று. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாரிடம் வேலை செய்து வாங்க, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு டிசிக்கும் எத்தனை நாள் ஆயிற்று என்பதை மென்பொருள் எண்ணிக்கொண்டே இருக்கிறது.

பெரிய நிறுவனத்தின் மென்பொருளையே வாங்கிவிட்டால் தீராதா? ஜெர்மனியின் லிடில் கடைச் சங்கிலி 2011இல் எஸ்ஏபி மென்பொருளுக்கு மாறும் வேலையைத் தொடங்கி, 2018இல் கைவிட்டது. சுமார் 50 கோடி யூரோ செலவானதாகச் செய்திகள் வந்தன. லிடில் சரக்கை வாங்கிய விலையில் கணக்கு வைக்கும். அந்த மென்பொருளின் வழக்கமான அமைப்போ விற்கும் விலையில் வைக்கும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகச் செய்த மாற்றங்களும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன.

அதற்காக எல்லாவற்றையும் புதிதாக எழுதக் கிளம்புவதும் வீண் செலவு. பேரேடு, சம்பளம், பிஎஃப் ஆகியவற்றின் விதிகள் எல்லோருக்கும் ஒன்றே. அவற்றுக்குக் கடையில் கிடைப்பதே போதும். இந்தக் குழுவும் நிறுவனத்தில் இருந்த டாலி கணக்கு மென்பொருளைத் தொடவில்லை. சரிபார்த்த பில்லை அதற்குள் அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டது. நிறுவனம் எங்கே தன் வழியில் வேலை செய்கிறதோ, அங்கே மட்டும் எழுதுவதுதான் சரி என்பது என் கருத்து.

குழுவில் ஓர் இளம்பெண் மாதக் கடைசியில் வரும் தொலைபேசி அழைப்புகளைக் கவனிக்கிறார். நெட் மெதுவாக இருந்த ஒரு நாள், ஒரே டிசி இரண்டு முறை பதிவாகியிருந்தது. மறுநாள் அவர் குடோனில் போய் நின்று பார்த்தார். திரை அசையாததால் பதிவு செய்யும் பையன் ‘சேமி’ பொத்தானை மறுபடி அழுத்தியிருக்கிறான். இப்போது ஒருமுறை அழுத்தியதும் பொத்தான் மங்கிவிடுகிறது; ‘பதிவாகிறது, காத்திருக்கவும்’ என்று தமிழிலும் இந்தியிலும் வருகிறது. ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கும் அந்தத் திரை வேண்டுமே.

முதலாளிகள் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: எழுதியவர் ஊரை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? ஒரே ஆளை நம்பி எழுதவைத்து, அவர் போனபின் ஒரு வரி விகிதத்தைக்கூட மாற்ற முடியாமல் தவித்த நிறுவனங்கள் இருக்கின்றன. பணம் கொடுத்தவர் மூலநிரலையும் தரவுத்தள வரைபடத்தையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கியே தீர வேண்டும். இந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் அந்த உரிமை இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. கையெழுத்துக்கு முன் ஆடிட்டர் வற்புறுத்திச் சேர்த்த வரி அது.